பதினாலு கிலோமீட்டர்

காலை எட்டு மணிக்கு உத்திரமேரூர் பள்ளி வேன்கள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் கிளம்பும். நான் மட்டும் எதிர்த்திசையில் பைக்கைத் திருப்பலாமா என்று ஒரு மாசமாக யோசிக்கிறேன். 14 கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 17 பிள்ளைகள், இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு.

மகள் யூகேஜி முழுக்க வாயே திறக்கவில்லை. வகுப்பில் 40 பேர். அந்தச் சின்னப் பள்ளியைச் சும்மா பார்க்கப் போன அன்று, மூணாங்கிளாஸ் அக்கா ஒருத்தியிடம் அரை மணி நேரம் பேசினாள். என்னடா பேசினே என்று கேட்டேன். "ஆட்டுக்குட்டி பத்தி."

தினமும் நாலு நடை, 56 கிலோமீட்டர். வீட்டிலிருந்துதான் வேலை, சமாளிக்கலாம் என்று எக்செல் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐப்பசில ஏரி கலங்கல் போனா ரோடே தெரியாது. அது எந்தக் கட்டத்துல இருக்கு?"

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்ட விதி. சாயங்காலம் விளையாடத் தெருவிலேயே கூட்டாளி கிடைப்பது அந்தத் தூரத்தில்தான். அங்கே ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போனால், ஐந்து வகுப்புக்கும் மற்றவர் மட்டும்தான்.

நேற்று வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி உறுப்பினராக 35 வயதாகியிருக்க வேண்டும். எனக்கு 36, வயசு மட்டும் சரி. ஆனால் குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது ஒரு சின்னப் பையன்.

"அப்போ நான் எடுக்கவா?" என்றாள்.

வருகிற மழைக்கு ஒரு தடவை அந்த ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.