அளவு தவறாத அதிகாரம்

வானிலையியல் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முன்னறிவிப்புச் சொல்லும் துறையாகத் தோன்றினாலும், அது முதலில் கருவிகளை நம்பி நிற்கும் துறையாகும். காற்றழுத்தமானி ஓர் ஊரில் ஒரு விதமாகவும் அடுத்த ஊரில் வேறு விதமாகவும் அளந்தால், அந்த எண்களைக் கொண்டு வரையப்படும் வரைபடத்துக்குப் பொருள் இருக்காது. இந்தியாவில் அக்கருவிகளைச் சீராக்கிய அன்னா மணியின் (1918–2001) பணிவாழ்வு, தலைமை என்றவுடன் மேடைப் பேச்சையும் ஆளுமைப் பயிற்சி வகுப்புகளையும் நினைக்கும் இக்காலத்தில் தனிக் கவனத்துக்குரியது. ஏனெனில் அவருடைய அதிகாரம் குரலிலிருந்தோ பதவிப் பெயரிலிருந்தோ பிறக்கவில்லை. வேலையின் நுணுக்கத்தை அறிந்திருந்ததிலிருந்தே பிறந்தது.

திருவிதாங்கூரின் பீருமேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருந்த வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் 1939ஆம் ஆண்டு இயற்பியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பொருள் வைரமும் மாணிக்கமும். அவை ஒளியை உமிழும் விதத்தை, நிறமாலை எனப்படும் பிரிக்கப்பட்ட ஒளிப்பட்டையாகப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்வது வேலை. ஒரே பதிவுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும் என்பதால் அவர் பல இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். ராமன் தம் கூடத்தில் பெண்களை மிகச் சிலராகவே சேர்த்துக்கொண்டார். சேர்ந்தவர்களும் ஆண் ஆய்வாளர்களுடன் தாராளமாக விவாதிக்கும் சூழல் இருக்கவில்லை. அத்தனிமையில் 1942க்கும் 1945க்கும் இடையே தனியொருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அவர் வெளியிட்டார்.

முனைவர் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 1945இல் அவர் அளித்த ஆய்வேட்டை, எம்.எஸ்சி. பட்டம் இல்லாதவர் என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. தன்னம்பிக்கையை ஒரு மனநிலையாக மட்டும் பார்ப்பவர்கள் இத்தகைய இடத்தில் வாழ்க்கை வரலாற்றைக் கண்ணீர்க் கதையாக்கிவிடுவது வழக்கம். அன்னா மணியோ அந்த மறுப்பைப் பெரிதாகப் பேசியவர் அல்லர். இயற்பியல் ஆய்வைத் தொடரவே அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கு அவருக்கு வாய்த்ததோ வானிலைக் கருவியியல். விரும்பிக் கேட்டுப் பெறாத துறையிலும் ஒருவர் தம் இயல்புக்கேற்ற இடத்தைக் கண்டடைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது: வைரத்தின் முன் காத்திருக்கப் பழகிய பொறுமை, கருவியின் முன்னும் கைகொடுத்தது.

1948இல் நாடு திரும்பி, புணேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் அவர் சேர்ந்தபோது, சாதாரண வானிலைக் கருவிகளையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிலையே இருந்தது. அவற்றை உள்நாட்டில் செய்வதென்றால் மாதிரி ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தால் போதாது. ஒவ்வொரு பாகத்துக்கும் பொறியியல் வரைபடம் வேண்டும், செய்து முடித்த கருவியை நம்பகமான மூலக்கருவி ஒன்றுடன் ஒப்பிட்டுப் பிழையைக் கணக்கிட்டுத் திருத்தும் அளவுத்திருத்தம் வேண்டும். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களை அவர் தரப்படுத்தினார். 1953இல் அப்பிரிவின் பொறுப்பை ஏற்றபோது அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். அக்காலத்துப் பட்டறையில் இது எளிய சூழல் அன்று. எனினும், பாகம் எங்கே பிசகுகிறது என்பதை மேசையில் வைத்து அளந்து காட்டக்கூடிய மேலாளரிடம், அவர் பெண் என்ற காரணத்தைச் சொல்லி வாதாடுவதற்கு எவருக்கும் அதிக இடம் இருந்திருக்காது. தவறான அளவைவிட அளவு இல்லாமையே மேல் என்பது அவர் உறுதியாகக் கொண்ட கருத்து. அது பட்டறைக்கான விதியாக இருந்ததோடு, அவருடைய ஆட்சிமுறையாகவும் இருந்தது.

1957–58ஆம் ஆண்டுகளின் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, தரையை வந்தடையும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டில் அவர் அமைத்தார். பின்னர், பலூனில் ஏறி மேல்வளிமண்டல ஓசோனின் அளவை வானொலி வழியே தரைக்கு அனுப்பும் ஓசோன்சோண்ட் என்னும் கருவியையும் உள்நாட்டிலேயே உருவாக்கச் செய்தார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார்.

பெண் என்பதால் தமக்குத் தடை நேர்ந்தது என்னும் விளக்கத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை அடக்கம் என்று சிலர் போற்றுவர். ஆனால் ராமனின் கூடத்தில் நிலவிய பிரிவினையை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாக ஒப்ப முடியாது. தடை இருந்தது, அதைத் தம் அடையாளமாக்க அவர் மறுத்தார் என்று கொள்வதே பொருத்தம். அனுதாபத்தை ஏற்றால், தரத்தில் சலுகை கோருபவர் என்ற பேச்சும் உடன் வந்திருக்கும். தரத்தில் எவருக்கும் சலுகை காட்டாதவருக்கு அது ஒவ்வாது. இந்த மறுப்புக்கு ஒரு விலையும் உண்டு: அவருக்குப் பின் வந்த பெண்களுக்குத் தடைகளின் வரைபடம் எதுவும் அவரிடமிருந்து கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றிய இரு தரவு நூல்களை 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பெங்களூருவில் காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைத் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றையும் தொடங்கினார். காற்றாலை நிறுவ ஏற்ற இடங்களைத் தேர்ந்தெடுக்க நாட்டின் பல பகுதிகளில் நடந்த காற்று அளவெடுப்புக்குத் தலைமை தாங்கியபோது, அவர் அறுபதைக் கடந்திருந்தார்.