சாவி வாங்குமுன்

மாசிமகத்துக்கு விருத்தாசலம் போகவோ, சிநேகிதன் கல்யாணத்துக்குப் புதுச்சேரி போகவோ, 18 வயதில் லைசென்ஸ் கைக்கு வந்த உற்சாகத்தோடு வாடகைக் கார் தேடும் எங்கள் கம்மாபுரத்து இளைஞர்கள், கம்பெனிகள் பலவும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டுமென்று நிபந்தனை விதிப்பதால், தெரிந்தவருடைய ஓன் போர்டு வண்டியை நாள் வாடகைக்கு எடுத்துச் செல்வது எனக்கு மிகுந்த விசாரத்தைத் தருகிறது. சொந்த உபயோகத்துக்கென்று இன்ஷூரன்ஸ் செய்த வண்டி வாடகைக்கு ஓடி விபத்துக்குள்ளானால், நஷ்டஈட்டுப் பாரம் கடைசியில் இரண்டு குடும்பங்களின் தலையிலும் விழக்கூடும். நிலத்தை விற்றுத்தான் அதைத் தீர்க்கவேண்டி வரும். நாமே ஓட்டிச்செல்ல அனுமதி பெற்ற வாடகைக் காரின் நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். தம்பிகளே, சாவி வாங்குமுன் அதைப் பாருங்கள். வண்டியைச் சுற்றிவந்து, பம்பர்க் கீறல்களையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.