மிஷன் வீதியின் சுருள் ரொட்டி

சான் பிரான்சிஸ்கோ மூடுபனிக்குப் பெயர்போன நகரம். கோடைக் காலத்திலும் பசிபிக் கடலிலிருந்து எழுந்து வரும் பனி, பாலங்களையும் உயர்ந்த கட்டடங்களையும் மறைத்துவிடும். ஆனால் நகரின் நடுவே நிற்கும் இரட்டைக் குன்றுகள் அப்பனியைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், அவற்றின் கிழக்கே தாழ்ந்து கிடக்கும் மிஷன் வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 1776ஆம் ஆண்டு ஸ்பானியப் பாதிரிமார்கள் இங்கு நிறுவிய மிஷனே வட்டாரத்துக்குப் பெயரைத் தந்தது. பிற்காலத்தில் ஐரிஷ்காரரும் ஜெர்மானியரும் இங்குக் குடியிருந்தனர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் பெருகினர். இருபத்து நான்காம் தெரு ரயில் நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தால், ஆங்கிலத்தைவிட ஸ்பானிய மொழியே முதலில் காதில் விழுகிறது. சுவர்களெங்கும் வண்ண ஓவியங்கள். காய்கறிக் கடைகளில் மாம்பழம், பப்பாளி, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், குவியல் குவியலாக உலர்ந்த மிளகாய். நம் ஆணத்துக்குக் காரம் தருகின்ற அந்த மிளகாய்க்கு மெக்சிகோவே பூர்வீகம் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

சான்ஹோசேயில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் தமக்கை மகனுடன் நாம் அவ்வட்டாரத்துக்குச் சென்றது புராதனச் சின்னங்களைக் காண்பதற்காக அன்று. "மாமா, இந்த ஊர்க்காரர்கள் ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு சண்டை போடுவார்கள் என்று நீங்கள் ஒருமுறை கேட்க வேண்டும்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ரொட்டியின் பெயர் புரிட்டோ.

புரிட்டோ என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'கழுதைக்குட்டி' என்று பொருள். மெக்சிகோப் புரட்சிக் காலத்தில் ஒருவர் கழுதையின் மீது உணவைச் சுமந்து சென்று விற்றதால் இப்பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. புரட்சி தொடங்கியதோ 1910இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1895இல் வெளிவந்த மெக்சிகோச் சொல்லகராதி ஒன்றில் இச்சொல், இறைச்சி வைத்துச் சுருட்டிய ரொட்டி என்னும் பொருளில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே கழுதைக் கதையைக் கதையாகவே விட்டுவிடலாம். ரொட்டிக்குத் 'தோர்த்தியா' என்று பெயர். மெக்சிகோவின் தென்பகுதியில் அதை மக்காச்சோள மாவில் செய்வர். வடபகுதியிலோ ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை நன்கு விளைந்ததால் கோதுமை ரொட்டி வழக்கமாயிற்று. கோதுமை ரொட்டி வளையும், கிழியாமல் சுருளும். இக்காரணத்தால் புரிட்டோ வடக்கத்தி உணவாயிற்று. மெக்சிகோ நகரத்தார் இன்றும், "அது எங்கள் உணவன்று" என்று கையை விரித்துவிடுவதுண்டு. 1942 முதல் 1964 வரை ஒப்பந்தத்தின் பேரில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு வந்த மெக்சிகோத் தொழிலாளர்களுக்கு, வயற்காட்டில் கையில் பிடித்துத் தின்ன ஏற்ற உணவு இதுவே.

மிஷன் வட்டாரத்தில் அது உருவம் பெருத்தது. 1961ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோல்சம் தெருவில் இருந்த எல் ஃபாரோ என்னும் கடைக்குத் தீயணைப்பு வீரர்கள் பசியோடு வந்து சாண்ட்விச் கேட்டார்களாம். கடைக்காரரான ஃபெப்ரோனியோ ஒன்டிவெரோசிடம் அது இல்லை. ஆகவே சிறிய தோர்த்தியாக்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டவைத்து, உள்ளே உணவை நிரப்பிச் சுருட்டி ஒரு டாலருக்குக் கொடுத்தார் என்பது அவர் சொன்ன வரலாறு. வலென்சியா தெருவின் லா கும்ப்ரே கடையினரோ, 1969இல் தாங்கள் விற்றதே முதலாவது என்பர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவார் எவருமில்லை.

கடையின் அமைப்பு எளிமையானது. நீண்ட மேடைக்கு அப்பால் நான்கைந்து பேர் நிற்கிறார்கள். முதலாமவர் ஒரு முழம் அகலத் தோர்த்தியாவை நீராவிப் பெட்டியில் வைத்து மூடி எடுக்கிறார். அடுத்தவர் சோறு, அவரை, இறைச்சி ஆகியவற்றை வரிசையாக இடுகிறார். பின்னர்த் தக்காளியும் வெங்காயமும் மல்லித்தழையும் சேர்ந்த சல்சா, பாலாடைக்கட்டி, வெண்ணெய்ப்பழத்தைப் பிசைந்த குவாக்கமோலே. இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, இறுக்கிச் சுருட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து நீட்டுகிறார்கள். ஒரு கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தருவது போன்ற பாங்கு! எடை அரைக் கிலோவுக்குக் குறையாது. அலுமினியத் தாளை ஒரேயடியாக உரித்துவிடுபவர் ஊருக்குப் புதியவர். பழகியவர்கள் தின்னத் தின்ன ஒவ்வொரு விரற்கடையாகக் கிழித்துச் செல்கிறார்கள்.

இனி, வாடிக்கையாளர்கள் கூறும் கருத்துக்கு வருவோம். முதற்சண்டை சோற்றைப் பற்றியது. உள்ளே சோறு வைப்பது கடைக்காரரின் தந்திரம், இறைச்சியைக் குறைத்து வயிற்றை நிரப்பும் வேலை என்று ஒரு கட்சியினர் கூறுகின்றனர். சோறில்லாவிட்டால் சாறு ஒழுகி முழங்கை வரை வடியும், உறைப்பையும் புளிப்பையும் ஏந்திக்கொள்ளச் சோறே வேண்டும் என்பது மறு கட்சி. மிகேல் ஹாரா என்பவர் 1973இல் மிஷன் வீதியில் தொடங்கிய லா தாக்கெரியா சோற்றை அறவே விலக்கிய கடை. அங்கு ரொட்டியை இறுதியில் கல்லில் போட்டுப் பொன்னிறமாக முறுக்கித் தரும்படி கேட்போர் உண்டு. சிறிது தூரத்தில் உள்ள கடைகளில் சோறு தாராளம். இரண்டுக்கும் வெளியே வரிசை நிற்கிறது. சோற்றுக்கு ஸ்பானிய மொழியில் 'அரோஸ்' என்று பெயர். 'அல்-ருஸ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. அந்தலூஸில் முஸ்லிம்கள் ஆண்ட காலம் விட்டுச்சென்ற சொல், கடல் கடந்து, மிஷன் வீதியின் விலைப்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. சோற்றுக் கட்சிக்கு நம் வாக்கு ஒன்று கூடுதலாக விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்!

வரிசையில் நின்றவர்களுடன் பேச்சுக் கொடுத்தோம். ஒரு கல்லூரி மாணவி, அவரை நன்கு வேகவில்லையென்றால் மற்றெல்லாம் வீண் என்றார். சுண்ணாம்புக் கறை படிந்த காலணியுடன் நின்ற கட்டட வேலைக்காரர் ஒருவர், காலையில் ஒன்று தின்றால் இரவு வரை தாங்க வேண்டும், அதுவே சோதனை என்றார். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய இளைஞர், எங்கே மிக நன்றாக இருக்கும் என்று கைபேசியில் பார்த்துத்தான் வந்ததாகச் சொன்னார். மூவரும் வந்திருந்தது ஒரே கடைக்கு.

கருத்துகளை எண்ணிப் பார்த்த முயற்சியும் நடந்திருக்கிறது. தேர்தல் கணிப்புகளால் புகழ்பெற்ற நேட் சில்வரின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் நிறுவனம், 2014இல் அமெரிக்கா முழுவதும் புரிட்டோ விற்கும் 67,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் இட்ட மதிப்பெண்களைத் திரட்டியது. அவற்றிலிருந்து 64 கடைகளைத் தெரிந்தெடுத்து, ஒரு பெண் நிருபரை ஊர் ஊராக அனுப்பித் தின்னவைத்தது. இறுதியில் முதலிடம் பெற்றது சோறு வைக்காத லா தாக்கெரியா. சோற்றுக் கட்சியினர் அத்தீர்ப்பை ஏற்றார்களா? ஏற்கவில்லை. வரிசை மட்டும் நீண்டது.

விலையைப் பற்றிய கருத்து வேறு தன்மையது. ருசியைப் பற்றிப் பேசும்போது சிரித்தவர்கள், விலையைப் பற்றிப் பேசும்போது சிரிக்கவில்லை. ஒரு டாலருக்குத் தொடங்கிய உணவு இன்று பத்து டாலருக்கு மேல். 2024இல் இதே வட்டாரத்தின் கடை ஒன்று 22 டாலர் என்று விலை குறித்தது செய்தியாயிற்று. கடைக்காரர்களைக் குறை கூறுவதும் எளிதன்று. இறைச்சி விலை, வெங்காய விலை, கூலி, வாடகை யாவும் ஏறிவிட்டன. கணிப்பொறி நிறுவனங்களின் செல்வம் நகருக்குள் பாய்ந்ததிலிருந்து மிஷன் வட்டாரத்து வாடகை, அங்குப் பல்லாண்டு வாழ்ந்த குடும்பங்களையே வெளியேற்றியிருக்கிறது. கட்டட வேலைக்காரருக்குப் பகலுணவாக இருந்ததைத் தேடி, நம் மருமகனைப் போன்றோர் நாற்பது மைல் கடந்து வருகிறார்கள். அவர் இதைக் கேட்டுச் சற்று மௌனமானார்.

இதே மிஷன் வீதியின் புரிட்டோவைக் கண்டு, ஸ்டீவ் எல்ஸ் என்னும் சமையற்கலைஞர் 1993இல் டென்வர் நகரில் தொடங்கிய கடையே சிப்போட்லே. அது பிற்காலத்தில் நாடெங்கும் பரவிய பெருநிறுவனமாயிற்று. 2024இல் அங்கே அளவு குறைகிறது என்று வாடிக்கையாளர்கள் பெருங்கூச்சல் எழுப்பவே, வங்கி ஒன்றின் ஆய்வாளர்கள் நியூயார்க் கடைகளில் 75 கிண்ணங்களை வாங்கித் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். ஒரே விலைக்குத் தந்தவற்றின் எடை கடைக்குக் கடை பெரிதும் வேறுபட்டிருந்தது.

அந்நிறுவனத்தைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி வேறொன்று. 2011இல், பன்றி இறைச்சி உண்ணாத பத்திரிகையாளர் ஒருவர், தாம் பல்லாண்டுகளாக அங்கு உண்டு வந்த அவரையில் பன்றி இறைச்சி சேர்க்கப்பட்டிருப்பதை அறிந்து அதிர்ந்து, வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். விலைப்பலகையில் அச்செய்தி தெளிவாக இடம்பெறவில்லை. நிறுவனம் முதலில் பலகையைத் திருத்தியது. 2013இல் சமையல் முறையையே மாற்றி, அவரையை முழுமையான மரக்கறி உணவாக்கியது. ருசியைப் பற்றியும் எடையைப் பற்றியும் எழுந்த எத்தனையோ கூச்சல்களைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்ட அந்த ஒரு கேள்வி நம் போன்றோருக்குப் பெரும் பயனளித்தது.

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் பலர் நம் வாசகர்களிடையே உண்டு. இறைச்சியைத் தவிர்த்துவிட்டால் கவலையில்லை என்று அவர்கள் எண்ணலாம். மெக்சிகோ உணவில் அது போதாது. அவரையை மசித்து வதக்குவதற்கும், தோர்த்தியா மாவைப் பிசைவதற்கும் அவர்களின் பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு. அதற்கு 'மன்டேக்கா' என்று பெயர். அர்ஜென்டினாவில் இதே சொல் வெண்ணெயைக் குறிக்கும். மெக்சிகோக்காரர் வெண்ணெயை 'மன்டேக்கியா' என்பர். ஓர் எழுத்து மயங்கினாலும் பொருள் மாறிவிடும். 'சின் மன்டேக்கா' என்றால் பன்றிக் கொழுப்பு இல்லாமல் என்று பொருள். தொழிற்சாலையில் செய்யும் தோர்த்தியாக்கள் பலவற்றில் இப்போது தாவர எண்ணெயே சேர்க்கப்படுகிறது. எனினும் உறையை வாசித்தாலன்றித் தெரியாது. 'கார்னித்தாஸ்', 'அல் பஸ்தோர்', 'சொரீசோ' ஆகிய மூன்றும் பெரும்பாலும் பன்றி இறைச்சியே. மாட்டிறைச்சி கேட்டாலும் இவை வெந்த கல்லிலேயே அதுவும் வேகக்கூடும். வேதக்காரர் அறுத்த இறைச்சி பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்குப் புகவில்லை. மீனும் இறாலும் பல கடைகளில் உண்டு. இறால் விஷயத்தில் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம் கடற்கரை ஊரார்க்குச் சங்கடமில்லை.

அல் பஸ்தோர் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்தான கம்பியில் இறைச்சியைக் கோத்துச் சுழலவிட்டுச் சீவும் இம்முறை, லெபனான் முதலிய அரபு நாடுகளிலிருந்து மெக்சிகோவின் புவேப்லா பகுதியில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவே. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆட்டிறைச்சியின் இடத்தைக் காலப்போக்கில் பன்றி பிடித்துக்கொண்டது. பெயரோ இன்னமும் 'இடையன் முறை' என்றே பொருள்படுகிறது!

அந்த வழி திரும்பியும் வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு ரமலானில், தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில், பள்ளிவாசல்களின் வாயிலுக்கே டாக்கோ வண்டிகளை வரவழைத்தனர் அங்குள்ள முஸ்லிம்கள். வண்டிக்காரர்கள் மெக்சிகோ வழியினர், இறைச்சி ஹலால். சாந்தா அனா நகரப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வந்தவர்களும் அக்கம்பக்கத்து ஸ்பானிய மொழிக் குடும்பங்களும் ஒரே வரிசையில் நின்று வாங்கினர். இரு சமூகத்தாரைப் பற்றியும் கடுமொழிகள் பேசப்பட்டுவந்த காலம் அது. ஹலால் மெக்சிகோ உணவுக் கடைகளும் அந்நாட்டின் பெருநகரங்களில் ஆங்காங்கே தோன்றியுள்ளன.

மிஷன் வீதியில் அன்று நாம் நின்ற கடை அவ்வகையானதன்று. மேடைக்கு அப்பால் நின்ற நடுவயதுப் பெண்மணியிடம் மருமகன் தமக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் மன்டேக்கா பற்றி விசாரித்தார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. நமக்குச் சிறிது கூச்சமாகவும் இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. மசித்த அவரையைச் சுட்டிக்காட்டித் தலையை இல்லையென்று அசைத்தார். அடுத்த பாத்திரத்தில் இருந்த கறுப்பு அவரையைக் காட்டி, வெங்காயமும் உப்பும் எண்ணெயும் மட்டும் என்றார். பின்னர் உள்ளே சென்று தோர்த்தியா வந்த பையையே எடுத்துவந்து மேடையின் மீது வைத்தார். மருமகன் அதைத் திருப்பி வரிவரியாக வாசித்தார்: கோதுமை மாவு, தண்ணீர், தாவர எண்ணெய், உப்பு. ரொட்டி கல்லைத் தொடாமல் நீராவியில் வெந்து வந்தது. பின்னால் நின்ற கட்டட வேலைக்காரரும் பையின் எழுத்துகளை எட்டிப் பார்த்தார்.

"அரோஸ்?" என்று கரண்டியை உயர்த்திக் கேட்டார் அப்பெண்மணி. நிறைய வைக்கும்படி சொன்னோம்.