பொங்கல் லீவில் பனி விழுமா?

சித்தூர் கட்டமஞ்சியில் உள்ள அந்த வீட்டின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே வரிசையாக 31 நோட்டுப் புத்தகங்கள். எல்லாமே மழைக் கணக்கு. வீட்டுக்காரர் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மழைமானி பார்க்கும் வேலையில் மாட்டிக்கொண்டவர். காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போது மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருக்கிறார். பேரன் அதில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, அன்றைக்குச் சித்தூரில் 40 மில்லிமீட்டர் மழை என்று பதிவாகவிருந்தது தனிக் கதை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் 2025 தீபாவளி முடிந்த வாரத்தில் அவர் மனைவி ஒரு கோரிக்கை வைத்தார். அம்மாவுக்கு வயது 58. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. திருப்பதியில் பார்த்த டாக்டர் மார்ச் மாதத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார். முதலில் ஒரு கால், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. 'ஏங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை பனியைப் பாத்துட்டு வந்துடலாமா?'

அம்மா பனியே பார்க்காதவர் என்று சொல்ல முடியாது. மார்கழியில் கட்டமஞ்சியிலும் பனி பெய்கிறது. 'பனியில நிக்காதடா' என்று பேரன் தலையில் துண்டைக் கட்டுவதும் அவர்தான். புல் நுனியில் நிற்பதற்கும், மலை முழுவதையும் மூடுவதற்கும் தமிழில் ஒரே பெயர். அம்மா கேட்டது இரண்டாவதை. 1992இல் 'ரோஜா' படம் பார்த்ததிலிருந்து மனதில் இருந்த ஆசை. பிள்ளை வளர்ப்பு, பெண் கல்யாணம், மாமியார் படுக்கை என்று 33 வருடம் ஓடிவிட்டது.

செலவுக்குப் பணம் இருந்தது. முடிந்துபோன சீட்டில் வந்த இரண்டு லட்சம். ஆபரேஷனுக்கு ஒதுக்கியது வேறு. அதில் கை வைப்பதில்லை என்பது முதல் நாளே முடிவு.

எங்கே போவது என்பதில்தான் சிக்கல். பக்கத்தில் குளிர் என்றால் மதனப்பள்ளிக்கு அருகே ஹார்ஸ்லி ஹில்ஸ். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 4,000 அடிக்கு மேல் உயரம்; வெயிலுக்குப் பயந்து கலெக்டர் ஹார்ஸ்லி பங்களா கட்டிக்கொண்ட இடம். அங்கே ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டும், ஆனால் பனிக்கட்டி ஃப்ரிட்ஜில்தான். சேஷாசலம் காட்டிலோ செம்மரம் உண்டு, தலக்கோனா அருவி உண்டு, வெண்பனி கிடையாது. இமயமலைதான் கதி.

திருப்பதி பைராகிப்பட்டெடாவில் இருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்கள். வங்கியில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்குப் பனிச்சறுக்கு ஆசை. அவர் முதலில் சொன்னது ஔலி. உத்தரகாண்டில் தேவதாரு, ஓக் காடுகளுக்கு மேலே சறுக்குச் சரிவு. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். ஆனால் 2023 ஜனவரியில் அடிவாரத்து ஜோஷிமட் ஊரில் வீடுகள் விரிசல் விட்டன. ஔலிக்குப் போகும் ரோப்கார் அப்போது நிறுத்தப்பட்டது. விரிசல் விட்ட ஊரைத் தாண்டிப் போய் விளையாடுவதற்கு அம்மா சம்மதிக்கவில்லை.

அடுத்து மணாலி. சோலாங் பள்ளத்தாக்கில் சறுக்கலாம். 2020இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக மறுபுறம் லாஹுலுக்கும் போகலாம். மாப்பிள்ளை ஒரு கதையும் சொன்னார். மணாலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மலையாளி அப்பாவுக்கும் இத்தாலிய அம்மாவுக்கும் பிறந்த சிவ கேசவன், பனியில் மல்லாந்து படுத்துச் சறுக்கும் லூஜ் விளையாட்டில் 16 வயதிலேயே 1998 நாகானோ ஒலிம்பிக்ஸுக்குப் போனார். மொத்தம் ஆறு ஒலிம்பிக்ஸ். பனி இல்லாத நாட்களில் வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலை ரோட்டில் பயிற்சி. பேரன் அன்று மாலையே பலகைக்குச் சக்கரம் தேட ஆரம்பித்தான்.

வீட்டுக்காரருக்கும் மணாலிதான் சரியென்று பட்டது. காரணம் விளையாட்டு அல்ல. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் குடும்பத்தோடு மலையும் காடும் பார்க்கப் போனவர்கள். நெல்லூர்ப் பக்கம் காவலியைச் சேர்ந்தவரும் அதில் உண்டு. அந்த வாரம் டி.வி.யை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பேரனைக் கூட்டிக்கொண்டு காஷ்மீர் போவதா?

'ரோஜா எடுத்ததே மணாலியிலதான். அப்ப காஷ்மீர்ல நிலைமை சரியில்ல. நீ பாத்தது மணாலிப் பனிதான்' என்று மனைவியிடம் வாதாடினார். சொன்னது உண்மையும்கூட.

அம்மா யோசிக்கவே இல்லை. 'அப்ப மணாலிதான் பாத்தாச்சே. காஷ்மீர் போலாம்.'

இந்தக் கிண்டலுக்குப் பின்னால் அம்மா விசாரித்து வைத்திருந்தார். தாக்குதலுக்குப் பிறகு மூடிய சுற்றுலா இடங்களைப் படிப்படியாகத் திறந்து வந்ததும், ஜம்முவிலேயே 2023இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் வெங்கடேஸ்வரர் கோயில் கட்டியிருப்பதும் அவருக்குத் தெரியும். 'நம்ம சாமியே அங்க போய் உக்காந்திருக்காரு. உங்களுக்கு என்ன பயம்?' திருப்பதிக்காரர்களிடம் இதற்கு மேல் வாதம் செல்லாது. ஆனாலும் வீட்டுக்காரரின் பயம் போய்விடவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

குல்மார்க் என்று முடிவானது. ஊசியிலைக் காட்டுக்கு நடுவே 8,700 அடி உயரத்தில் ஒரு புல்வெளி. குளிர்காலத்தில் இந்தியாவின் முதன்மையான சறுக்கு மைதானம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் அப்பா குல்மார்க்கில் சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். கோண்டோலா என்கிற கேபிள் கார் முதல் கட்டத்தில் கோங்தூரிக்கு, சுமார் 10,000 அடிக்கு ஏறுகிறது. இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் மலைமேல் 13,000 அடியை நெருங்குகிறது. டாக்டர் முதல் கட்டத்தோடு நிற்கச் சொன்னார். சில நிமிடங்களில் அவ்வளவு உயரம் போனால் மூச்சு முட்டும், தலை சுற்றும். சறுக்கு வண்டி அம்மாவுக்குக் கூடவே கூடாது. முழங்கால் திருகினால் மார்ச் வரை காத்திருக்க முடியாது. உட்கார்ந்தபடியே மேலே போய், உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கலாம். 'அது போதும்' என்றார் அம்மா.

இனிமேல்தான் மழைமானிக்காரரின் வேலை. பனி எப்போது விழும்? பத்து நாள் இதையே தோண்டினார். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாளுக்குச் 'சில்லை கலான்' என்று பெயர், பெருங்குளிர்க் காலம். பிறகு 20 நாள் சிறு குளிர், அதற்குப் பிறகு 10 நாள் குட்டிக் குளிர். நம் மார்கழியும் தையும் ஏறக்குறைய அதே கணக்கு. ஆனால் சித்தூருக்கு மழை தருவது வங்கக்கடல். குல்மார்க்குக்குப் பனி தருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி வரும் காற்றுச் சுழல்கள். அவை வந்தால் உண்டு.

வராமலும் போயிருக்கின்றன. 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க் காய்ந்த புல்லாகக் கிடந்தது. சறுக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. 2025 பிப்ரவரி 22இல் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. பிப்ரவரி நடுவில் போவதே உத்தமம் என்று தீர்ப்பெழுதினார். திருப்பதியிலிருந்து ஜம்முவுக்கு வாரம் ஒருமுறை ஹம்சஃபர் ரயில், செலவும் குறைவு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான். டிசம்பரில் உட்கார்ந்தால் போதும்.

தீர்ப்பைப் பெண் ஏற்கவில்லை. 'அப்பா, இவனுக்கு சங்கராந்தி லீவு ஜனவரியிலதான். பிப்ரவரியில பரீட்சை. அவருக்கும் அப்ப லீவு கிடைக்காது.'

ஆந்திரப் பள்ளிகளுக்குப் பொங்கலையொட்டி ஒரு வாரம், பத்து நாள் கிடைக்கும். ரயிலில் போக மட்டுமே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், கட்டுப்படியாகாது. ரேணிகுண்டாவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேர் விமானம் இல்லை. ஹைதராபாத், டெல்லி என்று மாற வேண்டும். ஐந்து பேருக்குப் பண்டிகைக் கால டிக்கெட் விலையைப் பார்த்தபோது சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போனது. மாப்பிள்ளை பங்கு தருகிறேன் என்றார். மாமனார் கேட்காதது மாதிரி எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

இரவு அவர் மனைவியிடம் கணக்கைப் பிரித்து வைத்தார். பிப்ரவரியில் நாம் இருவர் மட்டும் போனால் செலவு மூன்றில் ஒரு பங்கு. பனி ஏறக்குறைய நிச்சயம். ஜனவரியில் எல்லோரும் போனால் கையிருப்பு காலி. பனிக்கு உத்தரவாதம் இல்லை. 2021 நவம்பர் நோட்டைக்கூட எடுத்துக் காட்டினார். அந்த மழையில் திருமலை மலைப்பாதைகளையே மூட வேண்டி வந்தது. முதல் வாரம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. வானம் அப்படித்தான்.

அம்மா நோட்டைப் பார்க்கவில்லை. 'எனக்குக் கை பிடிக்க அவன் வேணும்ங்க. பனி இல்லாட்டி அந்த ரயில் பாலத்தையாவது பாத்துட்டு வரலாம்.'

செனாப் பாலத்தைச் சொன்னார். ஆற்றுக்கு மேலே 359 மீட்டர். 2025 ஜூனில் திறந்தார்கள். காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத்தில் மூன்று மணி நேரம். பனி படிந்தால் கரைய முன் கண்ணாடியில் சூடேற்றும் ஏற்பாடு உண்டு என்று பேரன் சொல்லியிருந்தான். ஆக, போகும்போது ஜம்மு வரை விமானம், பிறகு ரயில். திரும்பும்போது ஸ்ரீநகரிலிருந்து விமானம். மறுநாள் மாப்பிள்ளையின் பங்கைப் பாதியாகக் குறைத்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார் மாமனார்.

கோண்டோலா சீட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கும் பொறுப்பு பெண்ணுக்கு. முட்டி வரை வரும் பூட்ஸும் நீளக் கோட்டும் அடிவாரத்து டங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். கடும் பனி விழுந்தால் அங்கிருந்து குல்மார்க் வரை உள்ள 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும். சங்கிலிக்கு அவசியம் வர வேண்டுமே என்பதுதான் இப்போது வீட்டுக்காரரின் கவலை.

டிசம்பர் பிறந்ததும் 32ஆவது நோட்டைப் பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, சித்தூர் மழை மில்லிமீட்டரில். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி, குல்மார்க் பனி சென்டிமீட்டரில். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் திருப்பதியிலிருந்து போன் வருகிறது. 'தாத்தா, இன்னிக்கு எவ்ளோ?'