எக்ஸ் என்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா போன் பண்ணினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாராவது போய்விட்டார்கள். இரண்டு, யாருக்காவது என்னால் வேலை ஆக வேண்டும்.

"டேய், நீ பி.காம்தானே?"

இரண்டாவது காரணம். மனசு நிம்மதியானது.

"இவன் ஸ்கூல்ல கணக்கு டீச்சர் ஒரு பேப்பர் குடுத்து விட்ருக்காங்க. படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடணுமாம். உங்க அத்தான் படிக்காமயே போட்ருவார். நீ வந்து என்னன்னு பாரு."

போனேன். எட்டாம் வகுப்பு மருமகன், நான் ஏதோ பிரேதப் பரிசோதனைக்கு வந்தவன் மாதிரி பார்த்துவிட்டு பேப்பரை நீட்டினான். தலைப்பு: 'இயற்கணித வகுப்பு - எதிர்பார்ப்புகளும் மதிப்பெண் முறையும்.'

எதிர்பார்ப்புகள் என்றதும் எனக்கு மணமகள் தேவை விளம்பரம்தான் ஞாபகம் வந்தது. இதுவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சுத்தமான நோட்டு, ஒழுங்கான பென்சில், சமக்குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்கோட்டில். ஜாதகம் மட்டும்தான் கேட்கவில்லை! பரீட்சைக்கு 80, சின்னத் தேர்வுகளுக்கு 10, வீட்டுப்பாட நோட்டுக்கு 5, செயல்பாட்டுக்கு 5. வீட்டுப்பாடம் ஒருநாள் தாமதமானால் பாதி மார்க். தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தி மறுபடி காட்டினால், போன மார்க்கில் பாதி திரும்பக் கிடைக்கும்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் காலத்தில் மதிப்பெண் கொள்கையெல்லாம் தாளில் இருக்காது. சாரின் மேஜை மேல் இருக்கும். மூங்கிலால் செய்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அல்ஜிப்ரா என்ற பெயர், 9-ம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. 'அல்-ஜப்ர்' என்றால் உடைந்ததைச் சேர்த்து வைப்பது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்கும் அரபியில் அதே வார்த்தைதான். அதாவது நம்ம ஊர் பாஷையில் புத்தூர் கட்டு! எங்கள் சார் மட்டும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு முதலில் எலும்பை உடைத்துவிட்டு, அப்புறம் அல்ஜிப்ரா நடத்துவார்.

சிரித்துக்கொண்டே ஏழாவது விதிக்கு வந்தேன்.

'விடை சரியாக இருந்து, படிகள் எழுதப்படாமல் இருந்தால், மாணவரைத் தனியே அழைத்து வாயால் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே மதிப்பெண் முடிவு செய்யப்படும்.'

சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன மாமா?" என்றான் மருமகன்.

"ஒண்ணுமில்லடா. காப்பி சூடு."

காப்பி இன்னும் வரவேயில்லை.

2003 ஏப்ரல். நான் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதுகிறேன். எனக்கு முன் பெஞ்சில் டீக்கடைக்காரர் மகன். என் சிநேகிதன். சாயங்காலமானால் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பான். பதினேழு டீ, ஒன்பது வடை, நாலு பன் என்று ஆள் சொல்லி முடிப்பதற்குள் இவன் வாயில் தொகை வந்திருக்கும். ஆனால் பரீட்சையில் விடையை மட்டும் எழுதுவான். படிகள் எழுதச் சொன்னால், 'அதான் விடை வந்துருச்சே, அப்புறம் எதுக்கு?' என்பான்.

நான் நேர்மாறு. "மகனின் வயது எக்ஸ் என்க" என்று அழகாக ஆரம்பிப்பேன். அடிக்கோடு போடுவேன். ஆகவே, எனவே, அதனால் எல்லாம் போடுவேன். கடைசியில் மகனுக்கு அப்பாவைவிட வயது அதிகமாகிவிடும்.

அன்றைக்கு வந்த கணக்கு இது: 'தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 6 வருடங்கள் கழித்து 3 மடங்காகும். இப்போது வயது என்ன?' ஐந்து மார்க். அவன் '12, 48' என்று எழுதியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்ன தெரிந்தது, எட்டிப் பார்த்தேன். விடை கையில் இருந்தால் படிகளுக்கா பஞ்சம்? இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் நடுவில் பாலம் கட்டிவிட்டேன். இன்னொரு ஐந்து மார்க் கணக்கிலும் அதே திருப்பணி.

பேப்பர் திருத்தும்போது சார் எங்கள் இரண்டு பேரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். ஒரே விடைகள். ஒருத்தன் படிகளோடு, ஒருத்தன் படியில்லாமல். யார் யாரைப் பார்த்து எழுதியது?

"எப்படிடா வந்துச்சு?"

"மனசுல வந்துச்சு சார்" என்றான் அவன்.

மற்ற சார்கள் சிரித்தார்கள். "உன் மனசுக்கு மார்க் போட முடியாது" என்று சொல்லி இரண்டு கணக்குக்கும் முட்டை போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் எத்தனை கல் பெயர்ந்திருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

எனக்கு 41. அவனுக்கு 33. பாஸ் மார்க் 35. எங்கள் பள்ளியில் எட்டாவதிலும் பெயில் போடுவார்கள். ஜூன் மாதம் அவன் வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவன், கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் பிறகு பி.காம் படித்ததே அல்ஜிப்ராவிடமிருந்து தப்பிக்கத்தான். ஆனால் ஒரு கழித்தலும் கூட்டலும் என்னை விட்டபாடில்லை. 41-ல் 10 போனால் 31. 33-ஓடு 10 சேர்ந்தால் 43. இதற்கு எக்ஸ் தேவையில்லை.

அதற்குப் பிறகு சட்டம் வந்தது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. ஏழு வருஷம் தாமதமாக வந்தது, என் சிநேகிதனைப் பொறுத்தவரை. 2012-13-ல் நம் மாநிலத்தில் முப்பருவ முறை வந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். 2019-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி 5, 8 வகுப்புகளில் பெயில் போட மாநிலங்களுக்கு வழிவிட்டது. இங்கேயும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

'எல்லாரையும் பாஸ் போட்டால் ஒன்பதாவதில் மைனஸுக்கும் பிளஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்து நிற்கிறான்' என்று ஆசிரியர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. பெயில் போட்டால் பையன் வகுப்பிலிருந்து காணாமல் போகிறான். பாஸ் போட்டால் அவனுக்குத் தெரியாதது காணாமல் போகிறது. இரண்டுக்கும் நடுவில் 'எப்படிடா வந்துச்சு?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த டீச்சர் யாரென்று தெரியாது. ஏழாவது விதிக்காகவே கையெழுத்துப் போடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

பேப்பரை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நூறு தடவையாவது அங்கே டீ குடித்திருக்கிறேன். நூறு தடவையும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் டீயோடு சேர்த்து விழுங்கியிருக்கிறேன்.

கூட்டம் குறையட்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று டீ, இரண்டு பஜ்ஜி ஆயிற்று. சும்மா கேட்கிற மாதிரி, "ஒரு நாளைக்கு எத்தனை டீ வித்தா கட்டுப்படியாகும்?" என்றேன்.

"முந்நூறு" என்றான். "வாடகை, கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாம் சேர்ந்து 1,800. கிளாஸுக்கு ஆறு ரூபா நிக்கும். முந்நூத்தி ஒண்ணாவது டீதான் எனக்கு."

இதையே எங்களுக்குக் காலேஜில் லாப-நஷ்டமற்ற புள்ளி என்று ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினார்கள்.

பேப்பரைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஏழாவதில் நின்றான்.

"அந்த அப்பா, பையன் கணக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"அப்பனுக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் எப்பவும் மாறாதுடா. இப்ப அது பையன் வயசுல மூணு பங்கு. ஆறு வருஷம் கழிச்சு ரெண்டு பங்கு. அப்படின்னா பையன் வயசு ஒண்ணரை மடங்கு ஆகியிருக்கணும். கூடின அந்த அரை மடங்குதான் ஆறு. அப்ப பையனுக்கு பன்னெண்டு. அப்பனுக்கு நாப்பத்தெட்டு."

இதுதான் அவன் மனசில் வந்தது. கேட்க ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் போதும், ஐந்துக்கு ஐந்து.

"அன்னைக்கு நான்தான் உன்னைப் பார்த்து எழுதினேன்" என்றேன்.

அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்."

பாய்லர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஆள் வந்து பார்சல் கேட்டான். கட்டிக் கொடுத்தான். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"என் பொண்ணு ஏழாவது. இதை அவ டீச்சர்கிட்ட காட்டணும்."

எழுந்தேன். இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். எப்போதும் என்னிடம் காசு வாங்க மாட்டான். நானும் நீட்டுகிற மாதிரி நீட்டிவிட்டு மடக்கிக்கொள்வேன். அன்றைக்கு வாங்கிக்கொண்டான்.

டீ 15, பஜ்ஜி 10. நான் மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே மிச்சம் 135 என் உள்ளங்கையில் இருந்தது.

சரியாக இருந்தது. படிகள் எதுவும் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.