பறிப்பதற்கு முன் சொல்லவேண்டிய பதில்

"மேப்பல்லைப் பறிச்சா கண்ணுக்குக் கேடு வருமா டாக்டரே?"

தமிழக-கேரள எல்லைப்பக்கத்தில் பல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வருகிறவர் தமிழில் கேட்பார், நெய்யாற்றின்கரைக்காரர் மலையாளத்தில் கேட்பார், பாறசாலைக்காரர் இரண்டையும் கலந்து கேட்பார். மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வராது. மேல்பல்லின் வேரில் சீழ் கட்டினால் கன்னம் வீங்கி, கண் மூடிப்போவது உண்மை. அந்த நிலையில் பல்லைப் பறித்துக்கொண்டவர்களை ஊர் பார்த்திருக்கிறது. பழி குறட்டின்மேல் விழுந்துவிட்டது. பார்வை நரம்பு மூளை நரம்புகளில் இரண்டாவது. பல்லுக்கு வருவது ஐந்தாம் நரம்பின் கிளை. பறிப்பதால் பார்வை போகாது. கவனிக்காமல் விட்ட சீழ்தான், அரிதாக, கண்குழிவரை ஏறும். கண்ணை நினைத்துப் பயப்படுகிறவர் பல்லைச் சீக்கிரம் காட்டவேண்டும்.

அடுத்தது, "பறிச்சுக் களையுங்க, செலவு குறையுமே." தினக்கூலிக்காரர் இப்படிக் கேட்பது நியாயம். வேர் நீளவாக்கில் பிளந்திருந்தாலும், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தாலும் பறிப்பதே சரி என்று நானே சொல்வேன். ஈறுக்கு மேல் போதிய பல் மிச்சமிருந்தால் காப்பாற்றப் பார்ப்பேன். கடைவாய்ப் பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பிறகு அந்த இடத்தை நிரப்ப ஆகும் செலவு பெரும்பாலும் வேர் சிகிச்சையை (ரூட் கனால்) மிஞ்சும். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. அதற்காகத்தான் பெற்றோரிடம் அதிகம் பேசுகிறேன்.

"ரூட் கனால்ல உள்ள என்ன வைப்பீங்க?" என்று ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி கேட்டார். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லுக்குள் இருக்கும் கெட்ட கூழை எடுத்து, மெல்லிய கம்பிகளால் வேர்க்குழாயைச் சுரண்டி, மருந்துநீரால் கழுவி, கடைசியில் குட்டா பெர்ச்சா வைத்து அடைக்கிறோம். அது மலாய்த் தீவுப் பகுதி மரமொன்றின் பால் உறைந்தது. ரப்பருக்கும் அதற்கும் வேதிப்பொருள் ஒன்றே, மூலக்கூறின் அமைப்பு மட்டும் வேறு. அதனால் ரப்பரைப் போல இழுபடாது. சூட்டில் இளகி, ஆறினால் இறுகும். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளில் நீர் புகாதிருக்க இதைத்தான் பூசினார்கள். வேருக்குள்ளும் ஈரமும் கிருமியும் புகாதிருக்கவேண்டும். இதைச் சொன்னதும் அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"வேரைத்தான் சரியாக்கியாச்சே, மேல கேப் எதுக்கு?" சொத்தை அரித்ததும், கூழை எடுக்க நாங்கள் திறந்ததுமாகப் பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். கடைவாய்ப் பல் மெல்லும் பாரத்தில் பிளந்தால், செய்த சிகிச்சை முழுக்க வீண். அதனால் அதற்குப் பெரும்பாலும் கேப் வேண்டும். முன்பல்லில் சேதம் குறைவாயிருந்தால் வெறும் அடைப்பே போதும். அங்கே கேப் வேண்டாம் என்று சொல்வதும் என் கடமை.

பறிக்கத்தான் வேண்டும் என்றானால், பறித்தபின் அரைமணி நேரமாவது பஞ்சைக் கடித்திருக்கவேண்டும். அன்று துப்பவோ, கொப்பளிக்கவோ, பீடி பிடிக்கவோ கூடாது. குழியில் உறையும் ரத்தமே அங்கே மருந்து. அது பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் கடும் வலி வரும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் முன்கூட்டியே சொல்லவேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது.

ஆபத்தான கேள்வி ஒன்று உண்டு: "வலி நின்னுட்டே, இனி எதுக்கு வரணும்?" கூழ் செத்தாலும் வலி நிற்கும், கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் போய்க்கொண்டிருக்கும். இந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்டு, வீட்டிலேயே விடை கண்டுகொள்கிறவர்கள் வீங்கிய முகத்தோடுதான் திரும்பி வருகிறார்கள். அதனால் வலியோடு வரும் முதல் நாளிலேயே, அவர்கள் கேட்காமலே, இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.