சுமக்கும் கரமும் இறக்கிவிடும் கரமும்



இந்த வாரம் தியானத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். தளர்நடை நடக்கும் குழந்தையோடு குடும்பமாக வெளியூர் செல்லும்போது, அக்குழந்தையைச் சுமப்பதற்கு எத்தகைய பையைத் தெரிந்தெடுப்பது என்பதே அது. கடைகளில் ‘பேபி கேரியர்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்களே, அதையே சொல்கிறேன். நம்முடைய இளம் பெற்றோர் பலர் இதைக் குறித்து என்னிடம் பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கடந்த கோடை விடுமுறையில் இதே கேள்வி எழுந்தது.

கொடைக்கானலுக்குப் போகத் தீர்மானித்திருந்தோம். என் தாயாருக்கு வயது 81. மணமான புதிதில் என் தகப்பனாரோடு போய்ப் பார்த்த அந்த மலையை இன்னும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. பேரனுக்கு 20 மாதம். எடை 11 கிலோ. மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பயணம் செய்ய மருத்துவர் அனுமதித்திருந்தார். பாரம் தூக்கலாகாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் மனைவிக்கோ முழங்கால் வலி. ஆக, தூக்கிச் சுமக்கக்கூடியவர்கள் மருமகனும் நானும் மட்டுமே. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், “பிள்ளையை யாரு தூக்குறது, என்னை யாரு பிடிக்கிறது? நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க தம்பி, நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்” என்றார்கள்.

முதியோர் இப்படிச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் அதை அவர்களுடைய விருப்பம் என்று எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். என் மகள் அதற்கு இணங்கவில்லை. “பாட்டி வரலைன்னா நாமளும் போக வேண்டாம்பா” என்றாள். குழந்தை ஒருவருடைய முதுகில் பத்திரமாக அமர்ந்திருந்தால், மற்றவருடைய இரு கைகளும் என் தாயாருக்குக் கிடைக்கும். அப்படித்தான் ஒரு துணிப்பையைத் தெரிந்தெடுப்பது எங்களுக்கு முக்கியமான காரியமாயிற்று.

தள்ளுவண்டி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சமதளமான இடங்களுக்கு அது போதும். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவின் ஓரமாக அமைத்த கோக்கர்ஸ் வாக் என்னும் பாதை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் நன்றாகத் தளமிடப்பட்டிருக்கிறது. கூட்டமில்லாத வேளையில் அங்கே வண்டியைத் தள்ளிச் செல்லலாம். ஆனால் வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறைக்கு இறங்கும் வழியோ மரவேர்களும் கற்களும் நிறைந்தது. விடுமுறைக் காலத்தின் நெரிசலில் கடைவீதிகளில்கூட வண்டியை நகர்த்துவது அரிது. படிக்கட்டு வந்தால் குழந்தையை ஒரு கையிலும் வண்டியை மறு கையிலும் தூக்க வேண்டும். அப்போது முதியவரைப் பிடிக்கக் கை ஏது?

குழந்தையை உடலோடு அணைத்துச் சுமப்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த வழக்கமல்ல. நம் தாய்மார் பிள்ளையை ஒக்கலில் இடுக்கிக்கொண்டே நீர் இறைத்தார்கள், அடுப்பு ஊதினார்கள். ஆப்பிரிக்கப் பெண்கள் துணியால் முதுகில் கட்டிக்கொண்டார்கள். மெக்சிகோவில் ரெபோசோ என்னும் நீண்ட சால்வையும் கொரியாவில் பொடேகி என்னும் மெத்தைத் துணியும் அதே வேலையைச் செய்தன. இன்று கடையில் விற்கும் பைக்கும் அங்கேதான் ஒரு வேர் இருக்கிறது. 1960-களில் அமெரிக்க அமைதிப்படையின் செவிலியராக டோகோ நாட்டில் பணிபுரிந்த ஆன் மூர், அந்நாட்டுத் தாய்மாரின் முதுகில் பிள்ளைகள் அமைதியாக இருப்பதைக் கண்டார். ஊர் திரும்பித் தமக்குக் குழந்தை பிறந்தபோது அவ்வாறே கட்டிப்பார்த்தார், குழந்தை நழுவியது. ஆகவே தம் தாயார் லூசி ஆக்கர்மனின் உதவியோடு பட்டைகள் வைத்த ஒரு பையை உருவாக்கினார். ‘ஸ்னக்லி’ என்று பெயர்பெற்ற அந்தப் பைக்கு 1969-ல் காப்புரிமை கிடைத்தது. ஒரு தாயின் கையால் உருவானது, மகளின் தோளில் தொங்கியது, பேரப்பிள்ளையைச் சுமந்தது. மூன்று தலைமுறை அதில் சேர்ந்திருக்கிறது.

இனி, நாங்கள் பார்த்த வகைகளைச் சொல்லுகிறேன். நீண்ட துணியைச் சுற்றிக் கட்டும் வகை கைக்குழந்தைக்கு இதமானது. துள்ளுகிற 11 கிலோ பிள்ளையை ஏற்றி இறக்க ஒவ்வொரு முறையும் அதை அவிழ்த்துக் கட்டுவது கடினம். தோளில் வளையம் வைத்த துணி, சிறிது நேரம் இடுப்பில் வைத்துக்கொள்ள ஏற்றது. பாரம் முழுவதும் ஒரே தோளில் இறங்குவதால் நெடுந்தூரத்திற்கு உதவாது. இடுப்புப் பட்டையில் சிறு திண்டு வைத்த ‘ஹிப் சீட்’ வகை, அடிக்கடி ஏறி இறங்கும் பிள்ளைக்கு வசதியானது. ஆனால் தோள்பட்டை இல்லாத ஹிப் சீட்டில் ஒரு கை எப்போதும் குழந்தையைப் பிடித்திருக்க வேண்டும். அலுமினியச் சட்டம் வைத்த மலையேற்றப் பையில் நிழல்கூரையும் பொருள் வைக்கும் அறைகளும் உண்டு. ஆனால் பையே இரண்டு முதல் மூன்றரை கிலோ எடையுள்ளது, குழந்தையின் தலையும் நம் தலைக்குமேல் உயர்ந்து நிற்கும். வாசல் நிலையிலும் மரக்கிளையிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சியது, இடுப்பிலும் தோளிலும் பக்கிள் போட்டு முதுகில் சுமக்கும் மெத்தைத் துணிப்பை. எங்கள் தேவைக்கு அதுவே பொருந்தியது.

அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. உறவினர் ஒருவர் அன்போடு கொடுத்த பழைய பையில் அடித்துணி மிகவும் ஒடுக்கமாக இருந்தது. பேரனை வைத்துப் பார்த்தபோது, கவட்டில் பாரம் தங்கிக் கால்கள் இரண்டும் தொங்கின. அடித்துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்புவரை தொடையைத் தாங்க வேண்டும். பிள்ளையின் பிட்டத்தைவிட முழங்கால் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டு உறுதிப்படும் முதல் ஆறு மாதங்களில் இது மிக முக்கியம். வளர்ந்த பிள்ளைக்கும் கால் மரத்துப்போகாமலிருக்க இதுவே நல்லது. முதுகுத்துணி பிள்ளையின் அக்குள் உயரமாவது வர வேண்டும். தூங்கிவிட்டால் தலையைத் தாங்க ஒரு மேல்துணி வேண்டும். சுமப்பவருடைய இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின்மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். அப்போது தோள் தப்பும்; பாரம் கால்களுக்கு இறங்கும். பையில் எழுதப்பட்டிருக்கும் எடை வரம்பைப் படிக்க வேண்டும். கூடுமானால் குழந்தையையும் கடைக்கு அழைத்துப்போய், அதை வைத்துக் கால்மணி நேரமாவது நடந்து பார்க்க வேண்டும்.

நம் நாட்டு வெயிலில் இரண்டு உடல்கள் ஒட்டியிருந்தால் இருவரும் வேர்த்து நனைவார்கள். ஆகவே மெல்லிய பருத்தியோ காற்றுப் புகும் வலைத்துணியோ நலம். மலையில் நிலைமை நேர்மாறானது. சுமப்பவர் நடந்து வேர்ப்பார். அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தையோ குளிரும். அதன் பாதங்களையும் கைகளையும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக் காலுறை அணிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய பையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு இருசக்கர வாகனம் ஓட்டுவோரைத் தினமும் பார்க்கிறோம். இந்தப் பை நடப்பதற்கானது. 2022-ல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் அதற்கென்றே அமைந்த பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதம் கடந்த பிள்ளைக்குத் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. காரிலும் குழந்தைக்கான இருக்கையின் இடத்தை இந்தப் பை பிடிக்க இயலாது.

கடையில் மருமகன் தமக்கு அளவாகப் பட்டைகளை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். “மாமா, நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்க. எனக்கு மட்டும் சரியா இருந்தாப் போதாதே” என்றார். அவர் உயரமானவர், நான் குட்டை. அந்தச் சொல் என்னை வேதத்திற்குள் அழைத்துச் சென்றது. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் மோசே தேவனிடம் முறையிடுகிறார். பால்குடிக்கும் பிள்ளையைச் சுமப்பதுபோல் இந்த ஜனம் அனைத்தையும் நான் ஒருவனே சுமப்பது எப்படி என்பது அவருடைய கண்ணீர். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள எழுபது மூப்பரை ஏற்படுத்தினார். குழந்தையைச் சுமப்பது தாய் ஒருத்தியின் கடமை என்று எண்ணும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் பை ஒருவரைக் களைப்பாக்கிவிடும். வீட்டிலுள்ள பலருக்கும் பொருந்தும்படி நீட்டிச் சுருக்கத்தக்க பட்டைகள் உள்ளதா என்று பாருங்கள். அதற்குமுன், அதை மாட்டிக்கொள்ள மனம் உள்ளவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்றும் பாருங்கள்.

ஏசாயா 46-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் நான்காம் வசனங்களை நாம் நன்கறிவோம். கருவில் தோன்றியது முதல் தலை நரைக்கும் காலம் மட்டும் தம் ஜனத்தைத் தாமே சுமப்பதாகக் கர்த்தர் அங்கே வாக்களிக்கிறார். சுமத்தலுக்கு அங்கே எபிரெயுவில் வரும் சொற்களில் ‘நாசா’, ‘சாபால்’ என்னும் இரண்டு உண்டு. முன்னது தூக்குவதையும், பின்னது பாரத்தின்கீழ் நின்று தாங்குவதையும் குறிக்கும். இதே இரு சொற்களும் 53-ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் மறுபடியும் வருகின்றன. அங்கே ஊழியக்காரர் நம் நோய்களையும் துயரங்களையும் சுமக்கிறார். பிள்ளையையும் முதியவரையும் தூக்கும் கரமும், பாடுகளைச் சுமந்த கரமும் ஒன்றே. பேரனையும் என் தாயாரையும் ஒரே பயணத்தில் கொண்டுசெல்ல வழி தேடிய நாட்களில் இந்த வசனம் எனக்குப் புதிதாய் ஒலித்தது. அதில் சிசுவும் இருக்கிறது, நரையும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்று விடப்படவில்லை.

கோக்கர்ஸ் வாக்கில் காலை வேளையில் நடந்தோம். போகும்போது மருமகன் முதுகில் பேரன். என் கையில் தாயார். பாதி தூரத்தில் மேகம் விலகிப் பள்ளத்தாக்கு தெரிந்தது. தகப்பனாரோடு நின்ற இடம் இதுதான் என்று ஒரு கம்பி வேலியைத் தாயார் காட்டினார்கள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவ்வேளையில் பேரன் காலை உதைத்து, “எறக்கு, எறக்கு” என்று அழத் தொடங்கினான். பத்திரத்தை எண்ணி மருமகன் தயங்கினார். “எறக்கி விடுங்க மாப்பிள்ளை. நடக்குற பிள்ளையைக் கட்டி வைக்கலாமா?” என்றார்கள் என் தாயார். இறக்கியதும் அவன் நேரே வந்து பாட்டியின் விரலைப் பிடித்தான். இருவருடைய நடையும் ஏறக்குறைய ஒரே வேகம்! திரும்பும்போது அவன் என் முதுகிலேயே தூங்கிப்போனான். தாயார் மருமகனுடைய கையைப் பிடித்து வந்தார்கள்.

நம் பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் என்று ஒன்று உண்டு. நடை பழகும் பிள்ளையை ‘வா’ என்று அழைத்து மகிழும் பருவம் அது. ஓசியா 11:3-லும் கர்த்தர் எப்பிராயீமின் கையைப் பிடித்து நடை பழக்கிய தகப்பனாகவே தம்மைக் காட்டுகிறார். சுமப்பது அன்பு, பிள்ளை நடக்க விரும்பும்போது இறக்கிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதும் அன்பு. எளிதாக ஏற்றவும் எளிதாக இறக்கவும் இயலாத பை எத்தனை விலையுயர்ந்ததானாலும் தளர்நடைப் பிள்ளைக்கு ஏற்றதன்று. பிள்ளைகளைக் குறித்த நம் அன்பையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போமாக. தலைக்குமேல் வளர்ந்த மகனையும் மகளையும் இறக்கிவிடாமல் பிடித்திருக்கிறோமா? சோர்ந்து கைநீட்டுகிறவர்களை, ‘உனக்குத்தான் நடக்கத் தெரியுமே’ என்று விட்டுவிடுகிறோமா?

இந்த விடுமுறையில் பயணப்படும் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். பைக்குள் என்ன வைப்பது என்று கணக்கிடும்போது, வீட்டில் யாரை விட்டுச் செல்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ‘நான் வரவில்லை’ என்று சொன்னவரிடம் இன்னொருமுறை கேளுங்கள்.

ஜெபம்: எங்களைப் பிறப்பிலிருந்து சுமந்துவரும் பரம தகப்பனே, சிறியோரைச் சுமக்க எங்கள் முதுகுக்குப் பெலனையும், முதியோரைப் பிடிக்க எங்கள் கைகளுக்குப் பொறுமையையும் தாரும். இறக்கிவிட வேண்டிய வேளையை அறியும் ஞானத்தையும் அருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.